பெரிய படங்கள் ஏமாற்றின, மால்குடி ஏமாற்றவில்லை

நான் சினிமா விமர்சகன் அல்ல. பெங்களூரில் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு நின்றுவிட்டது. ஓய்வு நாட்களில் நம்மவர் கூட்டங்கள், கோயில் விழா, குழாய்த் தண்ணீர்ப் பிரச்சினை என்று இந்தப் பத்திரிகைக்குச் செய்தி எழுதி அனுப்புகிறவன். ஆனாலும், டிக்கெட் வாங்கிப் படம் பார்த்தவனுக்கு அபிப்பிராயம் சொல்லும் உரிமை உண்டு. அந்த உரிமைக்கான பணத்தை நான் முன்கூட்டியே கட்டிவிட்டேன்.

2024, 2025 இரண்டு வருஷங்களில் மிகுந்த எதிர்பார்ப்போடு மூன்று பெரிய தமிழ்ப் படங்களுக்குப் போனேன். மூன்றிலும் ஏமாந்தேன். அதே காலத்தில் வீட்டில் ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரை மறுபடி பார்த்தேன். அது ஏமாற்றவில்லை. ஏன் இப்படி என்று பார்சல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பல நாள் யோசித்தேன். யோசித்ததை வாசகர்கள் முன் வைக்கிறேன்.

தாத்தா வந்தார், கதை வரவில்லை

முதல் படம் "இந்தியன் 2". 2024 ஜூலை 12ஆம் தேதி வெளிவந்தது. 1996இல் வந்த "இந்தியன்" படத்தை என் அம்மா மறைந்த என் அப்பாவோடு இதே பெங்களூரில் பார்த்தவர். லஞ்சம் கொடுக்க மறுத்ததால், தீக்காயம் பட்ட மகளைப் பறிகொடுக்கிறாரே சேனாபதி, அந்தக் காட்சியைப் பற்றி அம்மா இன்றைக்கும் பேசுவார். அப்பா ரயில்வேயில் கேங்மேன். ஒரு கையெழுத்துக்காக ஆபீஸ் ஆபீசாக அலைந்தவர். அந்தப் படம் அவருக்கு வெறும் படமாக இருக்கவில்லை.

ஆகவே 28 வருஷம் கழித்து அந்தத் தாத்தா திரும்பி வருகிறார் என்றதும் அம்மாவை அழைத்துப் போவது என் கடமை என்று நினைத்தேன். ஏழு வயது மகளுக்கும் இரண்டு முறை சினிமா என்று வாக்குக் கொடுத்து, டியூட்டி மாறியதால் இரண்டு முறையும் தவறியிருந்தேன். இந்த முறை கூட வேலை பார்க்கும் கன்னட நண்பர் ஒருவர் தன் ஓய்வை விட்டுக்கொடுத்து என் ஷிப்டைப் பார்த்துக்கொண்டார். நாலு பேர் கிளம்பினோம். மகள் தீபாவளிக் கவுனை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

கணக்கு சொல்கிறேன். நாலு டிக்கெட் 1,400 ரூபாய். இடைவேளையில் சோளப்பொரி, தண்ணீர், குழந்தைக்கு ஐஸ்கிரீம் 480 ரூபாய். ஆட்டோ போக வர 270 ரூபாய். ஆக 2,150 ரூபாய். எங்கள் தெருவிலிருந்து சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்கு இது சுமார் மூன்று நாள் கூலி.

படம் மூன்று மணி நேரம். வர்ம அடி, வேஷம், பிரசங்கம் எல்லாம் இருந்தன. முதல் படத்தில் இருந்த அந்த ஒரு வீட்டின் துக்கம் மட்டும் இல்லை. இடைவேளை முடிந்து சிறிது நேரத்துக்கெல்லாம் மகள் கவுன் கசங்க என் தோளில் தூங்கிவிட்டாள். வெளியே வந்ததும் அம்மா சொன்னார்: "என்னடா தம்பி, தாத்தா மட்டும் வந்திருக்காரு, கதை வரலையே!" இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை.

சில நாட்களில் அந்தப் படத்தில் சுமார் 12 நிமிடம் வெட்டப்பட்டது. அந்த 12 நிமிடமும் வேண்டாதது என்று அவர்களே ஒப்புக்கொண்டது போலத்தான். சரி, முதல் வாரமே காசு கொடுத்து அதைப் பார்த்தவர்களின் கதி?

காதைப் பொத்திய குழந்தை

இரண்டாவது படம் "கங்குவா". 2024 நவம்பர் 14. சரித்திரக் கதை, பிரமாண்டம் என்றார்கள். சூர்யாவின் உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திரையில் எல்லோரும் ஓயாமல் கத்திக்கொண்டே இருந்தால் எதற்காகக் கத்துகிறார்கள் என்பது எப்படி விளங்கும்? மகள் பாதி நேரம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். சத்தம் தாங்கவில்லை என்ற புகார் நாடு முழுக்க எழுந்து, ஒலி அளவைக் குறைக்கும்படி தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொள்ளும்படி ஆயிற்று. இதிலும் பிறகு சுமார் 12 நிமிடம் வெட்டினார்கள். இது என்ன கணக்கோ!

ஓசூர் போன கதை

மூன்றாவது "தக் லைஃப்". 2025 ஜூன் 5. மணிரத்னமும் கமல்ஹாசனும் 1987இன் "நாயகன்" படத்துக்குப் பிறகு 38 வருஷம் கழித்துச் சேர்ந்த படம். "நாயகன்" வெளிமாநிலத் தமிழனுக்குச் சொந்தப் படம். பம்பாய்த் தாராவியில் நம் ஆட்கள் பிழைத்த பிழைப்பு அதில் இருந்தது. ஆகவே இந்தப் படத்தின் மேல் எனக்கு மிகுந்த ஆசை.

ஆனால் கமல் சென்னையில் கன்னட மொழியைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தையால் இங்கே பெரிய கொந்தளிப்பு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மற்ற ஊர்களில் படம் வெளிவந்தபோது கர்நாடகத்தில் வரவில்லை. அந்த நாட்களில் நம்மில் பலர் பஸ்ஸில் கொஞ்சம் தாழ்ந்த குரலில்தான் தமிழ் பேசினோம் என்பது நமக்குள் தெரிந்த விஷயம். நானும் இரண்டு நண்பர்களும் ரயிலேறி ஓசூர் போய்ப் படத்தைப் பார்த்தோம்.

எல்லை தாண்டிப் போய்ப் பார்க்கிற அளவுக்குப் படத்தில் என்ன இருந்தது? அப்பன் மாதிரி ஒருவன், பிள்ளை மாதிரி ஒருவன், துரோகம், துப்பாக்கி. எந்த ஊரில் நடந்தாலும் ஒன்றுதான். திரும்பி வரும்போது மூன்று பேரும் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை. நமக்குச் சங்கடம் வந்ததாவது ஒரு நல்ல படத்துக்காக வந்திருக்கக் கூடாதா என்று மட்டும் ஒரு நண்பர் சொன்னார்.

இதற்காகத் தமிழ் சினிமாவே கெட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. அதே 2024இல்தான் "லப்பர் பந்து" வந்தது, "மெய்யழகன்" வந்தது. 2025 மே மாதம் "டூரிஸ்ட் ஃபேமிலி" வந்தது. இலங்கையிலிருந்து பிழைக்க வந்து, புது ஊரில் அக்கம்பக்கத்தாரிடம் பயந்து பயந்து பழகும் குடும்பத்தின் கதை. அந்தப் பயம் நமக்குத் தெரியாததா? என் மனைவி அதைப் பார்த்துச் சிரித்தாள், அழுதாள். சின்னப் படங்கள் இப்படிச் செய்யும்போது, கோடி கோடியாகக் கொட்டும் பெரிய படங்களுக்கு ஏன் முடியவில்லை என்பதுதான் என் கேள்வி.

200 ரூபாய் ஆணை

டிக்கெட் விலையைக் குறைத்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசு நிர்ணயித்த உச்ச விலை உண்டு. இங்கே அப்படி இல்லாததால் பெரிய நடிகர் படத்துக்கு முதல் நாள் வாய்க்கு வந்த விலை. 2025 செப்டம்பரில் கர்நாடக அரசு, சில சொகுசு அரங்குகள் நீங்கலாக, வரி போக 200 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று ஆணை போட்டது. அதே மாதம் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. வழக்கு எப்படி முடிந்தாலும் சரி, நான் அந்த ஆணையின் பக்கம்தான். ஆனால் விலை மட்டுமே குறை அல்ல. 200 ரூபாய்க்கு ஏமாந்தாலும் ஏமாற்றம் ஏமாற்றம்தானே?

ஐந்து ரூபாய் உயர்வு

இனி நான் விரும்பும் தொடருக்கு வருகிறேன். அது தூர்தர்ஷனில் 1986-87இல் ஓடிய "மால்குடி டேஸ்". ஆர். கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் படமாக்கியது. அப்போது நான் பிறக்கவில்லை. ரயில்வே குவார்ட்டர்சில் யாரோ ஒருவர் வீட்டு டி.வி.யில் இருபது பேரோடு உட்கார்ந்து பார்த்ததாக அப்பா சொல்வார். நான் பள்ளிப் பையனாக மறு ஒளிபரப்பில் பார்த்தேன். வசனம் இந்தி. அப்பாவுக்கும் இந்தி அரைகுறை, எனக்கும் அரைகுறை. ஆனாலும் கதை புரியாமல் போன நாள் இல்லை. இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கிறது.

அதில் ஒரு கதை, மாதம் நாற்பத்தைந்து ரூபாய்ச் சம்பளம் பற்றியது. குமாஸ்தாக்கள் அனைவரும் அவசியம் பார்க்க வேண்டியது. வெங்கட் ராவ் என்று ஒரு குமாஸ்தா. மகள் சாந்தாவை அன்று சாயங்காலம் சினிமாவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டு ஆபீஸ் போகிறார். குழந்தை பள்ளியிலிருந்து சீக்கிரமே வந்து, நல்ல கவுன் போட்டு, ரிப்பன் கட்டிக் காத்திருக்கிறாள். ஆபீசில் அனுமதி கிடைக்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்க்க முடியாத வேலை என்ன வேலை என்று வெங்கட் ராவ் ராஜினாமா எழுதிக்கொண்டு போகிறார். அதை நீட்டும் நேரத்தில் மேலதிகாரி சம்பள உயர்வைப் பற்றிச் சொல்கிறார். நாற்பது ரூபாய் நாற்பத்தைந்து ஆகிறது. ராஜினாமா மறுபடி சட்டைப்பைக்குள் போகிறது. இரவு வீட்டுக்கு வந்தால் குழந்தை அதே கவுனோடு தூங்கிக்கொண்டிருக்கிறாள். கதை இவ்வளவுதான்.

துப்பாக்கி இல்லை, வில்லன் இல்லை. அந்த மேலதிகாரிகூடக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஐந்து ரூபாய் ஒரு மனிதனை எப்படிக் கட்டிப்போடுகிறது என்று நான் வேறு எங்கும் இப்படிப் பார்த்ததில்லை. நூற்றுக்கணக்கான பேர் அடிபட்டு விழும் படத்தில் எனக்கு ஒரு பதற்றமும் வரவில்லை. அந்தக் காகிதம் சட்டைப்பைக்குள் திரும்பிப் போகும்போது நெஞ்சு கனத்தது. ஏனென்றால் ஐந்து ரூபாயின் மதிப்பு கதை சொன்னவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு கதையில் சித்தா என்ற வேலைக்காரன். அந்த வீட்டுக் குழந்தை லீலாவுக்கு உற்ற தோழன். குழந்தையின் சங்கிலி காணாமல் போகிறது. பழி அவன்மேல் விழுகிறது, போலீஸ் பிடிக்கிறது. பிறகு சங்கிலி புளிப்பானையில் கிடைக்கிறது. அப்போதும் எஜமானர் தன் தவறை ஒப்புக்கொள்வதாக இல்லை. வெளியூரில் வேலைக்குப் போய், ஏதாவது பொருள் காணாமல் போனால் முதலில் நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் கதையை நான் விளக்க வேண்டியதில்லை.

சிரிக்க வைக்கும் கதைகளும் உண்டு. தமிழ் மட்டுமே தெரிந்த கிழவர் முனியும், இங்கிலீஷ் மட்டுமே தெரிந்த வெள்ளைக்காரரும் பேரம் பேசுகிறார்கள். வெள்ளைக்காரர் குதிரைச் சிலைக்குப் பணம் கொடுக்கிறார். முனியோ தம் இரண்டு ஆடுகளையும் விற்றுவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போகிறார். எங்கள் பார்சல் கவுண்டரில் தமிழ், கன்னடம், இந்தி, ஒடியா எல்லாம் கலந்து தினமும் இந்தக் கதை நடக்கிறது!

யாருடைய மால்குடி?

இதை யார் யார் சேர்ந்து செய்தார்கள் என்று பாருங்கள். ஆர். கே. நாராயண் சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்துக்காரர். எழுதியது இங்கிலீஷில். எடுத்த சங்கர் நாக் கன்னடர். இசை நம் எல். வைத்தியநாதன். படம் போட்டது நாராயணின் தம்பி ஆர். கே. லட்சுமண். பேசியது இந்தி. படப்பிடிப்பு நடந்தது சிவமொக்கா மாவட்டத்து ஆகும்பேயில். இது யாருடைய கதை, எந்த மொழிக்குச் சொந்தம் என்று ஒருவரும் சண்டை போடவில்லை. எல்லோரும் தம்முடையது என்றே நினைத்தார்கள். 2025 ஜூன் மாதத்து நாட்களில் எனக்கு அடிக்கடி இந்த நினைவு வந்தது.

சங்கர் நாக் 1990 செப்டம்பர் 30ஆம் தேதி தாவணகெரே அருகே கார் விபத்தில் காலமானார். வயது 35தான். இன்றும் பெங்களூர் ஆட்டோக்களில் அவர் படத்தைப் பார்க்கிறீர்கள். அதில் நம் தமிழ் டிரைவர்கள் ஓட்டும் ஆட்டோவும் உண்டு.

அந்தத் தொடரில் மால்குடி ஸ்டேஷனாக வந்தது சிவமொக்கா - தாளகுப்பா பாதையில் உள்ள அரசாளு என்ற சின்ன ஸ்டேஷன். அதன் பழைய கட்டடத்தைத் தென்மேற்கு ரயில்வே புதுப்பித்து 2020இல் மால்குடி அருங்காட்சியகம் ஆக்கியது. தொடரின் கலை இயக்குநர் ஜான் தேவராஜே அந்த வேலையையும் செய்து கொடுத்தார். நான் குடும்பத்தோடு போய் வந்தேன். ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக ஒரு ஸ்டேஷனைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதில் ரயில்வேக்காரன் என்ற முறையில் எனக்குப் பெருமை.

மேஸ்திரியின் கேள்வி

இதையெல்லாம் எங்கள் தெருவில் குடியிருக்கும் கட்டட மேஸ்திரி ஒருவரிடம் சொன்னேன். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். அவர் கேட்டார்: "நாள் பூரா கஷ்டத்தத்தான் பாக்குறேன். காசு குடுத்து உள்ள போயும் அதையே பாக்கணுமா தம்பி? ரெண்டு மணி நேரம் மறந்துட்டு இருக்கலாம்னுதான அண்ணன் படத்துக்குப் போறேன்?"

நியாயமான கேள்வி. சண்டையும் பாட்டும் எனக்கும் பிடிக்கும். அவர் மறப்பதற்குப் போவதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் நான் பதிலுக்கு ஒன்று கேட்டேன். "அண்ணே, கடைசியா பாத்த படத்துல ரெண்டு மணி நேரம் நிஜமாவே மறந்திருந்தீங்களா?" அவர் சிறிது யோசித்துவிட்டு, பாதியில் வெளியே வந்து டீ குடித்ததைச் சொன்னார். மறக்க வைப்பதற்கும் கதை வேண்டும். 1996இன் "இந்தியன்" மறக்க வைத்தது. "நாயகன்" மறக்க வைத்தது. அவையும் பெரிய படங்கள்தாம்.

மால்குடியில் குறை இல்லை என்றும் சொல்லமாட்டேன். அந்த ஊரில் வக்கீல் வீடு உண்டு, வியாபாரி வீடு உண்டு. தோட்டிகள் தெரு, கூலிகள் தெரு அதிகம் கண்ணில் படாது. என் அப்பாவைப் போன்ற ஒரு கேங்மேனின் வீட்டுக்குள் அந்தக் கேமரா போயிருந்தால் நான் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனாலும் வந்த சித்தாவையும் முனியையும் அது கேலிப் பொருளாக்கவில்லை. மரியாதையோடு பார்த்தது. பார்க்கிற நம்மையும் மரியாதையோடு நடத்தியது. பெரிய படங்கள் மறந்தது இந்த மரியாதையைத்தான் என்பது என் தாழ்மையான முடிவு.

என் யோசனை

வாசக நண்பர்களுக்கு ஒரு யோசனை. பிடித்த நடிகர் என்பதற்காக முதல் நாளே ஓடாதீர்கள். நாலு நாள் பொறுங்கள். பார்த்தவர் இரண்டு பேரைக் கேளுங்கள். 12 நிமிடம் வெட்டுவதானால் வெட்டி முடிக்கட்டும். நன்றாக இருந்தால் குடும்பத்தோடு போங்கள், தாராளமாகக் கை தட்டுங்கள். முதல் வாரக் கூட்டம் குறைந்தால்தான் கதை எழுதுகிறவருக்கு மரியாதை கூடும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, அந்த நாற்பத்தைந்து ரூபாய்க் கதையைக் கைப்பேசியில் போட்டு, சுவரில் சாய்த்து வைத்து வீட்டோடு பார்த்தோம். இந்தி வசனத்தை அம்மாவுக்கு நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மகள் தூங்கவில்லை. முடிந்ததும் கேட்டாள்: "அப்பா, அந்த அங்கிள் வேலைய விட்டுட்டு வந்திருக்கலாம்ல?"

"வேலைய விட்டா டிக்கெட்டு யாருடி வாங்குறது?" என்றாள் என் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு முறை வாக்குத் தவறிய எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஓய்வு நாள் என்றைக்கு என்று எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்தேன்.